மீன் தொட்டியை இவ்வளவு கழுவாதீர்கள்

வணக்கம் நேயர்களே. வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள், வைக்கலாமா என்று யோசிப்பவர்கள், குழந்தை நச்சரிக்கிறதே என்று இந்த ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போகப்போகிறவர்கள், எல்லோரிடமும் இன்றைக்கு ஒரே விஷயத்தைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். தொட்டியில் நீங்கள் முதலில் வளர்க்க வேண்டியது மீனை அல்ல, பாக்டீரியாவை.

புதுத் தொட்டியில் முதல் சில நாள் மீன்கள் துள்ளி விளையாடும். அப்புறம் ஒன்று மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், மறுநாள் மிதக்கும், அதற்கடுத்து இன்னொன்று. என்ன நோயோ என்று கடைக்கு ஓடுவோம், ஒரு நீல மருந்து கிடைக்கும். பல நேரம் அது நோயே இல்லை. தீனியில் இருக்கும் புரதம் மீனின் உடம்பில் அம்மோனியாவாக மாறி, பெரும்பாலும் செவுள் வழியாகத் தண்ணீரில் கலக்கிறது. ஆற்றிலும் குளத்திலும் அது எங்கேயோ கரைந்து போய்விடும், 40 லிட்டர் தொட்டியில் எங்கே போகும்? தண்ணீர் பளிச்சென்றுதான் இருக்கும். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது, மீனைக் கொல்லும் அளவில்கூட நம் மூக்குக்கு வாசனை தெரியாது.

அதைத் தின்று வாழும் பாக்டீரியா உண்டு. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது, இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1890 வாக்கிலேயே இதைக் காட்டிவிட்டார். இரண்டு வேலையையும் ஒரே பாக்டீரியா செய்வதும் உண்டு என்று 2015இல் கண்டுபிடித்தார்கள். அதில் ஒரு குழு அந்தப் பாக்டீரியாவைப் பிடித்த இடம், மீன் வளர்ப்புத் தொட்டிகளோடு இணைந்த ஒரு ஃபில்டர்! எனக்கு அதைப் படித்தபோது அவ்வளவு சந்தோஷம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பாக்டீரியா தண்ணீரில் அதிகம் மிதப்பதில்லை. ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பான்ஜில், கூழாங்கல்லில், கண்ணாடி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்பான்ஜில்தான் வாழ்கிறது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், பணி ஓய்வு பெற்றவர், மீன் என்றால் உயிர். ஞாயிறு காலை மீன்களைப் பக்கெட்டுக்கு மாற்றிவிட்டு, தொட்டித் தண்ணீரை முழுக்கக் கொட்டி, கல்லை எல்லாம் முறத்தில் அலசி, ஸ்பான்ஜைக் குழாயடியில் வைத்து வெள்ளை வெளேரென்று ஆகும்வரை பிழிவார். புதன், வியாழனில் ஒரு மீன் போகும். அழுக்கு போகவில்லை போல என்று அடுத்த ஞாயிறு இன்னும் அழுத்தித் தேய்ப்பார். பாவம், அவ்வளவு அக்கறை! ஒரு புதன்கிழமை டெஸ்ட் கிட்டை எடுத்துக்கொண்டு போனேன். சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, சொட்டு மருந்தை விட்டு, கொஞ்ச நேரம் வைத்தோம். மஞ்சளாகவே நின்றால் அம்மோனியா இல்லை. எங்கள் கண் முன்னால் அது பச்சையாகி, இன்னும் அடர்ந்த பச்சையாகப் போனது. “ஐயா, நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கழுவி ஊற்றினது அழுக்கு இல்லை, இந்த வேலையைச் செய்கிற ஆட்களை” என்றேன். கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை.

அப்புறம் முறையை மாற்றினார். வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீரை மட்டும் எடுப்பது. ஸ்பான்ஜை அந்த எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை லேசாகப் பிழிவது. பழுப்பாக வருவது போதும், வெள்ளையாக வேண்டாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது கிருமியைக் கொல்லத்தான் போடுகிறார்கள், நம் பாக்டீரியாவுக்கு மட்டும் சலுகை காட்டாது. அதனால் புதுத் தண்ணீரில் ஆன்டி குளோரின் சொட்டு விட்டுத்தான் சேர்க்க வேண்டும். மறுபடி சொல்கிறேன், ஸ்பான்ஜைக் குழாயடியில் கழுவாதீர்கள்.

புதுத் தொட்டிக்காரர்களுக்குப் பொறுமை வேண்டும். இந்தப் பாக்டீரியா மெதுவாகத்தான் பெருகும், தானாக நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் வரை ஆகலாம். தயிருக்கு உறை ஊற்றுவது போல, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நண்பரின் தொட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பான்ஜ் துண்டை ஈரத்தோடு கொண்டுவந்து போட்டால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அதுவரை மீன் குறைவு, தீனி அதைவிடக் குறைவு. போர் தண்ணீர் வீட்டுக்காரர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். போர் தண்ணீரில் பிஹெச், அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண், பல இடங்களில் 7ஐத் தாண்டும். பிஹெச் 7இல் இருக்கும் அதே அளவு அம்மோனியா, பிஹெச் 8இல் ஏறக்குறைய பத்து மடங்கு நஞ்சாகிறது.

அம்மோனியா இறங்கியதும் நிம்மதியாகிவிடாதீர்கள், அடுத்து நைட்ரைட் ஏறும். அது மீனின் ரத்தத்தில் புகுந்து ஆக்சிஜனை ஏற்றிச் செல்ல விடாமல் செய்கிறது, ரத்தமே பழுப்பாகிவிடும். ஏர் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீன் மேலே வந்து திணறினால் நைட்ரைட்டைச் சோதியுங்கள். இருந்தால் உடனே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் அயோடின் சேராத கல் உப்பைக் கரைத்து விட்டால், உப்பின் குளோரைடு செவுளில் நைட்ரைட்டை நுழையவிடாமல் தடுக்கும்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நைட்ரேட்டை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மற்ற இரண்டையும் போல அவ்வளவு ஆபத்து இல்லை, ஆனால் சேர்ந்துகொண்டே போகும், 40 பிபிஎம்முக்கு, அதாவது லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே வையுங்கள். சாதாரண ஃபில்டர் அதை எடுக்காது, தண்ணீர் மாற்றுவதும் செடிகளும்தான் வழி. சில ஊர்களில் போர் தண்ணீரிலேயே நைட்ரேட் இருக்கும், ஊற்றும் தண்ணீரையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள். எடுத்த தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் கறிவேப்பிலைக்கு ஊற்றுங்கள், நல்ல உரம். உப்போ மருந்தோ போட்ட தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டாம். நன்றி, வணக்கம்.