யோம் கிப்பூர் போர்: நோன்பிலிருந்து எழுந்து போனது மீறலா?

நேயர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "1973-இல் யோம் கிப்பூர் நாளன்று போர் மூண்டபோது, ஜெப ஆலயத்தில் நோன்பிருந்த யூதர்கள் பாதியில் எழுந்து வண்டியேறிப் போர்முனைக்குப் போனார்கள் என்கிறார்கள். அது அவர்களுடைய திருச்சட்டத்தை மீறியதாகாதா? போகாமல் அங்கேயே இருந்தவர்கள் என்ன வேண்டிக்கொண்டார்கள்?"

அந்த நாள் 1973 அக்டோபர் 6, சனிக்கிழமை. வாராந்திர ஓய்வுநாளும், ஆண்டுக்கொருமுறை வரும் பாவநிவிர்த்தி நாளாகிய யோம் கிப்பூரும் ஒன்றாய் அமைந்த நாள். ஏறத்தாழ 25 மணி நேரம் சோறு, தண்ணீர் எதுவும் கிடையாது. சாலையில் வண்டி ஓடாது. இஸ்ரேலில் வானொலிகூட ஒலிபரப்பை நிறுத்தியிருந்தது. பிற்பகல் 2 மணியளவில் எகிப்தும் சிரியாவும் தாக்குதலைத் தொடங்க, ஊரெங்கும் அபாயச் சங்கு ஒலித்தது. அழைப்பு வந்த இளைஞர்கள் தோளில் கிடந்த தொழுகைப் போர்வையை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். மடிக்க நேரமில்லாமல் அதைப் போர்த்தியபடியே வண்டியில் ஏறியவர்களும் உண்டு.

இது மீறல் ஆகாது என்பதை நான் தயக்கமின்றிச் சொல்வேன். உயிரைக் காப்பது ஓய்வுநாளையும் நோன்பையும் விஞ்சிய கடமை என்பது யூதச் சட்டம். அதற்கு 'பிக்குவாக் நெஃபெஷ்' என்று பெயர். "அவைகளின்படி செய்கிறவன் அவைகளால் பிழைப்பான்" என்ற லேவியராகமம் 18:5-ஐ எடுத்துக்கொண்டு, பிழைப்பதற்காகவே கட்டளை, சாவதற்காக அன்று என்று யூதச் சட்ட விளக்கத் தொகுப்பாகிய தல்மூத் விளக்குகிறது. அந்த விளக்கம் 'யோமா' என்ற பகுதியில், அதாவது பாவநிவிர்த்தி நாளைப் பற்றியே பேசும் பகுதியில், இடம்பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது. இதற்கு முன்பே, கி.மு. 2-ஆம் நூற்றாண்டில், ஓய்வுநாளில் ஆயுதம் எடுக்க மறுத்த ஏறத்தாழ 1,000 பேர் மனைவி மக்களோடு கொல்லப்பட்டதாகவும், அதைக் கேட்டுத் துக்கித்த யூதக் கிளர்ச்சித் தலைவர் மத்தத்தியாவும் அவரோடிருந்தவர்களும் இனி ஓய்வுநாளில் தாக்கினாலும் எதிர்த்து நிற்பது என்று முடிவெடுத்ததாகவும் மக்கபேயர் முதல் நூல் கூறுகிறது. அந்த நூல் யூத மறைநூல் தொகுப்பில் இல்லாவிட்டாலும், எத்தனை உயிர்களைக் கொடுத்த பிறகு இந்தத் தெளிவு வந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

இனி, இருந்தவர்களைப் பற்றி. முதியவர்களும் பெண்களும் குழந்தைகளும் எஞ்சியிருந்த அந்தச் சபைகளில் அன்றைய வழிபாட்டுக்கெனப் புதிய மன்றாட்டு எதையும் எழுத வேண்டியிருக்கவில்லை. முறைப்படி வாசிக்க வேண்டியதே போதுமான கனத்தோடு காத்திருந்தது. 'உனெத்தானே தோகெஃப்' என்ற பழைய மன்றாட்டு, யார் வாழ்வார், யார் மாள்வார், யார் நீரால், யார் நெருப்பால், யார் வாளால் என்று அடுக்கிக்கொண்டே போகும். சில மணி நேரத்துக்கு முன்புதான், தந்தையும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அதைச் சொல்லியிருந்தார்கள். பிற்பகல் வழிபாட்டுக்கு உரிய பாடமோ யோனாவின் நூல். பகைவர்களாகிய அசீரியரின் மாநகரம் நினிவே அழியாமல் தப்பியதற்காகத் தீர்க்கதரிசி யோனா கோபப்படுகிறார். வலக்கைக்கும் இடக்கைக்கும் வித்தியாசம் அறியாத 1,20,000-க்கும் அதிகமான மனிதரும் மிகுதியான மிருகங்களும் உள்ள நகரத்துக்காக நான் பரிதபியாமலிருப்பேனோ என்று கடவுள் கேட்கிறார். நூல் அந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறது. மகனைப் போருக்கு அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்த தகப்பனின் மனத்தில் அப்போது என்ன ஓடியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவர் கையில் விரிந்திருந்த ஏடு இதுதான். இந்த வாசிப்பை அந்த நாளுக்கென்று வகுத்து வைத்த முன்னோரை நான் வணங்குகிறேன்.

அந்தப் போரில் இஸ்ரேல் தரப்பில் 2,500-க்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்டார்கள். எகிப்து, சிரியா தரப்பில் மாண்டவர்கள் அதைவிட மிக அதிகம். வட இஸ்ரேலில் பேத் ஹஷித்தா என்று ஒரு கிபுட்ஸ், அதாவது கூட்டுப்பண்ணைக் குடியிருப்பு, இருக்கிறது. மதச்சார்பற்றவர்கள் அமைத்த ஊர். அந்தச் சிறிய ஊர் மட்டும் 11 பேரைப் பறிகொடுத்தது. பல ஆண்டுகள் கழித்து, 1990-இல், யாயிர் ரோசன்பிளம் என்ற இசையமைப்பாளர் அங்கே வந்து தங்கியிருந்தபோது, அந்த 'உனெத்தானே தோகெஃப்' மன்றாட்டுக்கே புது மெட்டு அமைத்துக் கொடுத்தார். வழிபாட்டு வழக்கத்தை விட்டு விலகி வாழ்ந்த அந்த மக்கள் யோம் கிப்பூர் மாலையில் ஒன்றுகூடி, யார் வாழ்வார், யார் மாள்வார் என்ற அந்த வரிகளைக் கேட்டார்கள், பலர் அழுதார்கள். இன்று அந்த மெட்டு இஸ்ரேலின் பல ஜெப ஆலயங்களிலும் ஒலிக்கிறது.