சூட்டைக் கட்டுப்படுத்தும் வேப் கருவி புதியவர்களுக்கு நல்லதா? கீழக்கரைத் தம்பியின் கேள்வியும் விளக்கமும்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணே, துபாயில் இருக்கும் மச்சான் டெம்பரேச்சர் கண்ட்ரோல் உள்ள வேப் வாங்கி வருகிறேன் என்கிறார். சூட்டை நாமே வைத்துக்கொள்ளலாமாம், கருகாதாம், புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு அதுதான் பாதுகாப்பாம். நான் சிகரெட் பிடிக்கிறவன். நல்லது கெட்டது சொல்லுங்கள்.”

நான் பாம்பனில் படகுகளின் ஜிபிஎஸ்ஸும் எக்கோ சவுண்டரும் பழுது பார்க்கிறவன். அதனால் முதலில் கருவிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வேப் என்பது மின்சிகரெட். நிகோடின் கலந்த திரவம் பஞ்சில் ஊறியிருக்கும், காயில் என்ற கம்பிச்சுருள் மின்சாரத்தில் சூடாகி அதை ஆவியாக்கும், அந்த ஆவியைத்தான் இழுப்பார்கள்.

வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வது தெரியும்: மீட்டர் எதை அளக்கிறது என்று முதலில் கேளுங்கள். இந்த வேப்பில் தெர்மாமீட்டர் எதுவும் கிடையாது. அது அளப்பது காயில் கம்பியின் மின்தடையை. நிக்கல், டைட்டானியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள் சூடானால் மின்தடை ஏறும். எவ்வளவு ஏறியது என்பதை வைத்துக் கருவி சூட்டைக் கணக்குப் போடுகிறது. வைத்த அளவை எட்டியதும் கரண்டைக் குறைத்துவிடும். காந்தால் (Kanthal) என்ற உலோகக் கலவைக் கம்பியில் மின்தடை அனேகமாக மாறாது. அதைப் போட்டால் இந்த வசதி வேலையே செய்யாது.

நல்லது என்ன? திரவம் தீர்ந்து பஞ்சு காய்ந்தால் சாதாரணக் கருவி பஞ்சைக் கருக்கும். அந்த மிதமிஞ்சிய சூட்டில் திரவத்தின் கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுகள் அதிகம் வரும். சூட்டைக் கட்டுப்படுத்தினால் இது குறையும். மச்சான் சொன்னதில் இந்தப் பகுதி உண்மை.

சரி, இனி கணக்கைப் பாருங்கள். 0.5 ஓம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காயில், 220 டிகிரியில் சுமார் 0.58 ஓம் ஆகும். வித்தியாசம் 0.08 ஓம்தான். அதில் 0.02 பிசகினால் 40 டிகிரிக்கு மேல் தப்பாகிவிடும். நம் கரையில் உப்புக்காற்று இணைப்பை என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வல்லத்துக்காரர், பேட்டரி போய்விட்டது, மீட்டரில் வோல்ட் இறங்கியே நிற்கிறது என்று புது பேட்டரி வாங்கி மாட்டினார். அப்போதும் வோல்ட் ஏறவில்லை. டெர்மினலில் பச்சை பூத்திருந்தது. சுரண்டி எடுத்ததும் சரியாகிவிட்டது. பழைய பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. மீட்டர் காட்டியது இணைப்பின் கோளாறை. வேப்பிலும் அதேதான். காயில் ஆறியிருக்கும்போது எடுத்த அளவில் இணைப்பின் அழுக்கும் சேர்ந்துவிட்டு, பிறகு திருகும்போது அது விலகினால், கருவி உண்மையைவிடக் குறைந்த சூட்டைக் காட்டும். திரையில் 220 என்று நிற்கும், கம்பி அதற்கு மேலே போய்க்கொண்டிருக்கும். நிக்கல் கம்பிக்கான அமைப்பை ஸ்டீல் கம்பிக்கு வைத்தாலும் சூடு மீறும். புதியவர் தடுமாறுவது இந்த இடங்களில்தான். அதனால் ‘ஆரம்பிப்பவர்களுக்கு ஏற்றது’ என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொரு முறை சொல்கிறேன், மீட்டர் எதை அளக்கிறது என்று கேளுங்கள். நிகோடினை அது அளப்பதில்லை. சூடு துல்லியமாகவே இருந்தாலும் நிகோடின் உள்ளே போகும், பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் சட்டம். இந்தியாவில் 2019 முதல் மின்சிகரெட்டுக்குத் தடை. விற்பது மட்டுமல்ல, இறக்குமதியும் குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கும்போது பதில் சொல்லப் போவது மச்சான். அவரை அந்த நிலையில் நிறுத்தாதீர்கள். இங்கிலாந்தில் சிகரெட்டை விட நினைக்கும் பெரியவர்களுக்கு வேப்பை அரசு மருத்துவத் துறையே சொல்கிறதே என்று சிலர் எழுதுவீர்கள். உண்மைதான். அங்கே திரவத்தில் நிகோடின் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று விதி உண்டு. இங்கே திருட்டுத்தனமாக வரும் புட்டியில் என்ன இருக்கிறது என்று யார் பார்ப்பது?

தம்பி, நீங்கள் ‘நான் சிகரெட் பிடிக்கிறவன்’ என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியம். சிகரெட்டை எப்படி விடுவது என்று கேட்டிருந்தால் எவ்வளவோ சந்தோஷப்பட்டிருப்பேன். கேட்டதாகவே வைத்துக்கொள்கிறேன். 1800-11-2356, புகையிலையை விட உதவும் தேசிய எண், கட்டணம் கிடையாது. மருந்துக்கடையில் நிகோடின் கம் கிடைக்கிறது, 2 மில்லிகிராமிலும் 4 மில்லிகிராமிலும். காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறவர்களுக்குப் பொதுவாக 4 தேவைப்படும். மற்றவர்களுக்கு 2 போதும். ஒரு டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள், அரசு மருத்துவமனையிலேயே கேட்கலாம். சூயிங் கம் மாதிரி விடாமல் மெல்லக் கூடாது. காரம் தெரியும்வரை மென்று, கன்னத்தோரம் ஒதுக்கி வையுங்கள். காரம் போனதும் மறுபடி மெல்லுங்கள். கம் போடுவதற்கு 15 நிமிடம் முன்பும், வாயில் இருக்கும்போதும் டீ, காபி வேண்டாம், நிகோடின் சரியாக ஏறாது. டீயோடு சிகரெட் பிடித்துப் பழகியவருக்கு டீக்கடை நேரம்தான் கஷ்டம். கம்மை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.