எந்த வரி வரைக்கும் புரிந்தது?

நேயர்களுக்கு வணக்கம்.

நான் கல்லூரி இறுதியாண்டில் இயற்பியல் படிக்கும் மாணவன். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுக் கல்லூரியில் சேரவிருக்கும் தம்பி தங்கைகளிடம் சிறிது நேரம் பேசும்படி வானொலி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். அந்த வாசலைத் தாண்டி மூன்று ஆண்டுகள்கூட நிறைவடையாததால், உள்ளே நுழைந்தவுடன் எங்கே கால் இடறும் என்பது எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. அதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

நன்கு கற்றவர்களைக் குறிப்பிடும்போது 'கல்வி கேள்விகளில் சிறந்தவர்' என்று சொல்வது நம் மொழியின் வழக்கம். அங்கே கேள்வி என்பது செவிவழி கேட்டறிதலைக் குறிக்கிறது. அதே சொல்தான் நாம் எழுப்பும் வினாவுக்கும் பெயராக இருக்கிறது. பள்ளியில் படித்தவரை நான் முதல் வகைக் கேள்வியில் மட்டுமே பழகியிருந்தேன். ஆசிரியர் சொன்னதைக் கவனமாகக் கேட்டேன், எழுதினேன், தேர்வில் திருப்பித் தந்தேன். கல்லூரி என்னிடம் இரண்டாவது வகைக் கேள்வியை எதிர்பார்த்தது. அதை நான் புரிந்துகொள்ள ஏறக்குறைய ஒரு பருவம் முழுவதும் ஆயிற்று.

பள்ளியில் ஒரு பாடத்தில் நாம் பின்தங்கினால் யாராவது ஒருவர் கண்டுகொள்வார். வகுப்பாசிரியர் அழைத்துக் கேட்பார், வீட்டுக்குச் செய்தி போகும், வாரத் தேர்வில் தெரிந்துவிடும். கல்லூரியில் ஒரு விரிவுரை அறையில் நூறு பேர் அமர்ந்திருக்கும்போது, பின்வரிசையில் இருக்கும் ஒருவர் மூன்று வாரங்களாக எதுவும் புரியாமல் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார் என்பது யாருக்கும் தெரிய வழியில்லை. இதை அக்கறையின்மை என்று நான் நினைத்ததுண்டு, அது தவறு. நம்மை வளர்ந்தவர்களாக நடத்துகிறார்கள், அவ்வளவுதான். உதவி வேண்டுமென்றால் வந்து கேட்பார்கள் என்று அவர்கள் காத்திருக்கிறார்கள், தேவையென்றால் அவர்களே அழைத்துச் சொல்வார்கள் என்று நாம் காத்திருக்கிறோம். இதற்கிடையில் பருவம் முடிந்துவிடுகிறது.

கால அட்டவணையும் நம்மை ஏமாற்றிவிடும். ஐரோப்பிய நாடுகளின் கல்லூரிகள் பொதுவாகப் பின்பற்றும் கிரெடிட் முறையில், ஓர் ஆண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட்; ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கிடுகிறார்கள். அப்படியானால் ஆண்டுக்கு 1500 முதல் 1800 மணி நேரம் ஆகிறது. வகுப்பில் அமர்ந்திருக்கும் நேரம் மட்டுமல்லாமல், தனியே படிக்கும் நேரம், கணக்குப் போடும் நேரம், அசைன்மென்ட் எழுதும் நேரம் ஆகிய எல்லாம் அதற்குள் அடங்கும். பிற நாடுகளில் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனால் அட்டவணையில் வெற்றுக் கட்டமாகத் தெரியும் நேரம் ஓய்வு நேரமன்று என்பது எங்கும் பொருந்தும். முதல் மாதத்தில் அந்த வெற்றுக் கட்டங்களைப் பார்த்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன்.

இனி, நடந்ததைச் சொல்கிறேன். பள்ளியில் எனக்குப் பிடித்த பாடம் கணிதம். அதனால் நுண்கணித வகுப்பைப் பற்றி எனக்கு அச்சமே இருக்கவில்லை. இரண்டாவது வாரத்திலேயே எனக்குப் புரிவது நின்றுவிட்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் தலையசைத்ததைப் பார்த்து, எனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று முடிவுசெய்து, கரும்பலகையில் இருந்ததை ஒரு புள்ளி விடாமல் எழுதிக்கொண்டேன். முதல் இடைத்தேர்வில் தேர்ச்சி பெறவில்லை. அந்தத் தாளை நான் வீட்டிலும் காட்டவில்லை, நண்பர்களிடமும் சொல்லவில்லை.

அந்தப் பேராசிரியரின் அறைக் கதவில், மாணவர்கள் வந்து சந்திக்கலாம் என்று வாரத்தில் இரண்டு மணி நேரம் குறிப்பிட்டு ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. அந்தக் கதவு வரைக்கும் மூன்று முறை போய்த் திரும்பி வந்திருக்கிறேன். நான்காவது முறை உள்ளே போய், "சார், எனக்கு எதுவுமே புரியவில்லை" என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. "நோட்டைத் திற, எந்த வரி வரைக்கும் புரிந்தது?" என்று மட்டும் கேட்டார்.

அதுவரை அப்படி ஒரு கேள்வியை நான் என்னிடமே கேட்டுக்கொண்டதில்லை. நோட்டைத் திறந்து முதல் வரியிலிருந்து விரலை வைத்துக்கொண்டே வந்தேன். இரண்டாவது வாரத்தின் முதல் வகுப்பில், எல்லை என்னும் கருத்துக்கான வரையறையில் விரல் நின்றது. எவ்வளவு சிறிய எப்சிலானை எடுத்துக்கொண்டாலும் அதற்கேற்ற ஒரு டெல்டா உண்டு என்பது அந்த வரி. எப்சிலான், டெல்டா இரண்டும் அங்கே சிறிய இடைவெளிகளைக் குறிக்கும் கிரேக்க எழுத்துகள். எல்லா எப்சிலான்களுக்கும் பொதுவான ஒரே டெல்டாவைத் தேட வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி ஒன்று கிடைக்காததால் அதற்குப் பின் வந்த எதுவும் எனக்குப் பொருந்தவில்லை.

அவர் ஒரு தாளை எடுத்து இரண்டு வாக்கியங்களை எழுதினார். 'ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பிறந்தநாள் உண்டு' என்பது முதல் வாக்கியம். 'ஒரு நாள் உண்டு, அது எல்லா மாணவருக்கும் பிறந்தநாள்' என்பது இரண்டாவது வாக்கியம். முதலாவது உண்மை, இரண்டாவது உண்மையல்ல என்று குழந்தைக்கும் தெரியும். சொற்களோ ஏறக்குறைய அவையேதான், வரிசை மட்டும் மாறியிருக்கிறது. ஆறு வாரக் குழப்பம் அந்த ஒரு தாளில் தீர்ந்தது. பிறகு அவர் இன்னொன்றையும் சொன்னார். 1821-ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கணித அறிஞர் கோஷி, தொடர்ச்சியான சார்புகளை, அதாவது வரைபடத்தில் அறுபடாத கோடாக வரும் சார்புகளை, முடிவின்றிக் கூட்டிக்கொண்டே போகும்போது ஒரு கூட்டுத்தொகை கிடைத்தால், அதுவும் தொடர்ச்சியாகவே இருக்கும் என்று எழுதினார். 1826-ஆம் ஆண்டு நார்வே நாட்டு இளைஞரான ஆபெல், அதற்கு விதிவிலக்குகள் உண்டு என்று சுட்டிக்காட்டினார். சீரான ஒருங்கல், அதாவது எல்லாப் புள்ளிகளிலும் ஒரே அளவில் கூட்டுத்தொகையை நெருங்குவது என்னும் கருத்து பின்னர் உருவாகி அதைத் தெளிவுபடுத்தியது. இன்று நாம் பார்க்கும்போது அங்கேயும் முடிச்சு இதே இடத்தில்தான் இருக்கிறது: ஒவ்வொன்றுக்கும் ஒன்றா, எல்லாவற்றுக்கும் ஒன்றா? பெரிய அறிஞர்களே நின்று யோசித்த இடத்தில் நானும் நின்றிருக்கிறேன் என்று தெரிந்தபோது, ஆறு வாரமாக மனத்தில் சுமந்த கூச்சம் குறைந்தது.

தம்பி தங்கைகளே, 'எதுவுமே புரியவில்லை' என்பது கேள்வியாகாது. அதைக் கேட்டு எந்த ஆசிரியராலும் ஒன்றும் செய்ய முடியாது. எந்த வரி வரைக்கும் புரிந்தது என்று முதலில் கண்டுபிடியுங்கள்; அடுத்த வரியே உங்கள் கேள்வி. அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவது வாரத்திலேயே போயிருந்தால், நான் அந்த இடைத்தேர்வில் தோற்றிருக்க மாட்டேன்.

புரிந்த இடமும் புரியாத இடமும் எங்கே பிரிகின்றன என்பது படித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பதால் தெரியவராது. 2006-ஆம் ஆண்டு ரோடிகர், கார்பிக் என்னும் இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஓர் உரைநடைப் பகுதியைச் சிலர் இருமுறை படித்தார்கள். வேறு சிலர் ஒருமுறை படித்துவிட்டு, தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப்பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவர்களே சற்று முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, அவர்களுக்கு நினைவிருந்தது ஏறக்குறைய 42 விழுக்காடு, எழுதிப்பார்த்தவர்களுக்கு நினைவிருந்தது 56 விழுக்காடு. தேர்வுக்கு முந்தைய இரவு மட்டும் படிப்பவர்களுக்கு 'எல்லாம் தெரியும்' என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அந்த ஐந்து நிமிடக் கணக்கே விடை. அன்றாடம் மாலையில் நோட்டை மூடிவைத்துவிட்டு, அன்றைய வகுப்பின் சாரத்தை ஒரு வெற்றுத்தாளில் எழுதிப்பாருங்கள். பேனா நிற்கும் இடமே நீங்கள் கேட்க வேண்டிய இடம். இதற்கு இருபது நிமிடம் போதும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நானும் அவற்றைப் பயன்படுத்துகிறேன். ஆனால் பேனா நிற்பதற்கு முன்பே விடையை வாங்கிக்கொண்டால், எங்கே நின்றோம் என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது. முதல் முயற்சி உங்கள் கையெழுத்தில் இருக்கட்டும்.

பெரிய கட்டுரைக்கும் ப்ராஜெக்ட்டுக்கும் இதே கதைதான். 1994-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், பியூலர் என்னும் உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த இறுதியாண்டு மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். மாணவர்கள் சொன்ன கணக்கு சராசரியாக 34 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். சீக்கிரம் முடித்துவிடலாம் என்ற இந்த நம்பிக்கை நம் எல்லாருக்கும் உண்டு. ஆகவே, முழுதாக முடித்த பிறகு வழிகாட்டியிடம் காட்டலாம் என்று இருக்காமல், அரைகுறையாக இருக்கும்போதே எடுத்துக்கொண்டு போங்கள். அரைகுறையைப் பார்த்துத் திருத்துவது அவருக்கும் எளிது.

எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு என்று இன்னும் முடிவுசெய்யாதவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அங்கே படிக்கும் மாணவர்களைச் சந்தித்தால், 'கல்லூரி நன்றாக இருக்கிறதா?' என்று கேட்காதீர்கள். அதற்கு 'நன்றாக இருக்கிறது' என்ற ஒரே விடைதான் வரும். 'போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து இரவு வரை என்ன செய்தீர்கள்?' என்று கேளுங்கள். அந்த விடையில் வகுப்பு நடந்ததா, ஆய்வகம் திறந்திருந்ததா, நூலகத்தில் இடம் கிடைத்ததா, பேராசிரியரைப் பார்க்க முடிந்ததா என்பதெல்லாம் தானாகவே வந்துவிடும். பாடத்திட்டத்தைப் புரட்டும்போது முதலாண்டை விட்டுவிட்டு மூன்றாமாண்டைப் பாருங்கள். நெருங்கிய துறைகளில் முதலாண்டு பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும், ஒரு துறையின் உண்மையான முகம் மூன்றாமாண்டில்தான் தெரியும். கட்டணத்தைக் கேட்கும்போது எல்லா ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கேளுங்கள். உதவித்தொகை கிடைத்தால், அது அடுத்த ஆண்டும் தொடர எத்தனை மதிப்பெண் வேண்டும் என்பதை எழுத்தில் பெறுங்கள். பாடப்பிரிவை மாற்றிக்கொள்ள வழியுண்டா என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டுவையுங்கள். இவற்றைக் கேட்பதால் யாரும் உங்களைத் தவறாக நினைக்க மாட்டார்கள்.

படிப்பைவிடக் கடினமாக இருக்கக்கூடிய ஒன்று தனிமை. விடுதியில் முதல் சில வாரங்கள் எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பதாகவும், நாம் மட்டும் வெளியே நிற்பதாகவும் தோன்றும். 2011-ஆம் ஆண்டு வால்டன், கோஹன் என்னும் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. 'நான் இங்கே பொருந்தாதவன்' என்ற கவலை தொடக்கத்தில் எல்லா வகை மாணவர்களுக்கும் வருவது, நாளாக ஆக அது குறைவது என்ற செய்தியை, மூத்த மாணவர்களின் அனுபவங்கள் வழியாக முதலாண்டு மாணவர்களுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் எடுத்துச் சொன்னார்கள். அந்தக் கல்லூரியில் சிறுபான்மையினராக இருந்த கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு உயர்ந்திருந்தன. அவர்களுக்குப் பாடமோ பயிற்சியோ கூடுதலாக எதுவும் தரப்படவில்லை. அந்தக் கவலை தங்களுக்கு மட்டும் உரியதன்று என்று தெரிந்துகொண்டார்கள்.

எனக்கு அதைச் சொன்னவர் என் அறைத்தோழர். ஒரு நாள் இரவு விளக்கை அணைத்த பிறகு, வீட்டு நினைவாகவே இருக்கிறது என்று நான் சொன்னபோது, "எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, நீ நன்றாகத் தூங்குவதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார். இருவரும் ஒரு மாதமாக ஒருவரையொருவர் பார்த்து, தான் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். உறக்கம் கெட்டு, பசியில்லாமல், வகுப்புக்கே போகப் பிடிக்காத நிலை வாரக்கணக்கில் நீடித்தால், அறைத்தோழரோடு நின்றுவிடாமல் கல்லூரியின் மனநல ஆலோசகரிடம் போங்கள். காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்ப்பதில் எவ்வளவு இயல்பு இருக்கிறதோ அவ்வளவு இயல்பு இதிலும் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மன்றங்கள், விளையாட்டு, விழாக்கள் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அவை தாமாகவே உங்களை அழைக்கும். முதல் வாரத்தில் பத்து மன்றங்களுக்குப் பெயர் கொடுத்தாலும், ஒன்றிலோ இரண்டிலோ மட்டும் தொடர்ந்து இருங்கள். உங்கள் துறைக்கு வெளியே உள்ளவர்கள் இருக்கும் இடமாக அது இருந்தால் நல்லது.

இந்தப் பருவத்தில் நுண்கணித மாலைப் பயிற்சி வகுப்பில் முதலாண்டு மாணவர்களுக்கு உதவும் பணி எனக்குக் கிடைத்திருக்கிறது. சென்ற வாரம் ஒரு தங்கை நோட்டைத் திறந்து, ஒரு வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டு, "அண்ணா, இதுவரைக்கும் புரிகிறது" என்று காட்டினார். அதற்கு அடுத்த வரியை நான் இரண்டு முறை விளக்கிப் பார்த்தேன். விளக்க விளக்க, அது எனக்கே முழுதாகத் தெரியவில்லை என்பது தெரிந்தது. மறுநாள் பேராசிரியர் கதவில் குறித்திருந்த நேரத்துக்கு நாங்கள் இருவருமாகவே போனோம்.

வணக்கம்.