பாதிக் கிணறு

அவைத்தலைவர் அவர்களே, பேரூராட்சி உறுப்பினர்களே, மருந்துக்கடை நண்பர்களே, கிராம சுகாதாரச் செவிலியர்களே, பால்வினை நோய் பற்றிய பேச்சு என்று தெரிந்தும் முன்வரிசையில் வந்து அமர்ந்த தாய்மார்களே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி, மார்த்தாண்டத்துப் புழுக்கத்தில் அதை மடித்து வைத்துவிட்டேன், மன்னியுங்கள்.

எந்த மருந்து, எத்தனை நாள், யார் யாருக்கு: மூன்று சொல்ல வந்தேன். பாதிக் கிணறு தாண்டினவன் கிணற்றுக்குள்ளேதான்.

ரப்பர் பால் வெட்டுகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மூத்திரம் எரிகிறது, சீழ் வருகிறது. வெட்டி, பாலெடுத்து, ஷீட் அடித்து முடிப்பதற்குள் ஆஸ்பத்திரியில் ஓ.பி., அதாவது வெளிநோயாளி நேரம், முடிந்துவிடும். ராத்திரி எட்டு மணிக்கு மெடிக்கல் ஸ்டோர். அங்கே நாலு பேர். அவர்கள் போகட்டும் என்று இருமல் மிட்டாய் வாங்குகிறார். கூட்டம் குறையவில்லை, தைலம் வாங்குகிறார். கடைசியில் கடைக்காரர் காதருகே, "சூடு பிடிச்சிருக்கு." நாலு சிப்ரோஃபிளாக்சசின் கிடைக்கிறது. தைலம்தான் மிச்சம்! இந்த அறிகுறிக்குப் பெரும்பாலும் காரணம் வெட்டைநோய், அதாவது கொனோரியா. அதன் கிருமி சல்ஃபா, பென்சிலின், டெட்ராசைக்ளின், சிப்ரோ எல்லாவற்றுக்கும் பழகிவிட்டது. சிப்ரோ வகையை 2007இலேயே அமெரிக்கா இந்நோய்க்குக் கைவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2024இல் சொல்வது செஃப்ட்ரியாக்சோன் 1 கிராம், தசையில் ஒரே ஊசி. அட்டையிலிருந்து கிள்ளிக் கொடுக்கிற சரக்கல்ல அது. எச்1 பட்டியல் மருந்து, சீட்டும் பதிவேடும் வேண்டும்.

கூடவே கிளமிடியா என்ற இன்னொரு பால்வினை நோய் ஒளிந்திருக்கலாம். அதற்கு டாக்சிசைக்ளின் 100 மி.கி., காலையும் இரவும், 7 நாள். ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகும். நெஞ்செரிச்சலுக்கான ஆன்டாசிட் மருந்தோடு சேர்த்தால் உடம்பில் சரியாகச் சேராது. கர்ப்பிணிக்கு இது ஆகாது. அவருக்கு அசித்ரோமைசின் 1 கிராம், ஒரே வேளை. எரிச்சல் நின்றதென்று மூன்றாம் நாள் அட்டையை வீசினால், பாதிக் கிணறுதான்.

சிபிலிஸ் என்ற மற்றொரு பால்வினை நோயின் கதை நேர்மாறு: அங்கே பென்சிலின் இன்றும் தோற்கவில்லை. பென்சாதின் பென்சிலின் 24 லட்சம் யூனிட், ஆரம்ப நிலையில் ஒருமுறை. நாள்பட்டதென்றால் வாரத்துக்கொன்றாக மூன்று. முதல் ஊசியன்று காய்ச்சல், உடல்வலி வரலாம். கிருமி மடிவதால் வருவது, ஒருநாளில் அடங்கும். அதை 'மருந்து ஒத்துக்கல்ல' என்று நினைத்து மிச்ச இரண்டையும் விடுகிறவர்களுக்கும் அதே கிணறு.

மூன்றாவது, துணைக்கும் சிகிச்சை. பெண்ணுக்குப் பெரும்பாலும் அறிகுறியே இராது. இருவருக்கும் சிகிச்சை முடிந்து 7 நாள் வரை உடலுறவிலிருந்து விலகியிருக்க வேண்டும். விரித்துச் சொல்லலாம், ஆனால் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், ஓ.பி. நேரத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. காலையில் மட்டும் திறக்கிற அறைக்குப் பால்வெட்டுகிறவர் எப்படி வருவார்? கடலுக்குப் போகிறவர் எப்படி வருவார்? வாரத்தில் இரண்டு நாளாவது மாலை 4 முதல் 7 வரை வேண்டும், வாசலில் நோயின் பெயர்ப்பலகை இல்லாமல். மனு பின்வரிசை மேஜையில் இருக்கிறது. பேனாவும் கட்டி வைத்திருக்கிறது.