ஆறு பேர் ஃபுட்பால்: 1ஏ-வுக்குள் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள்?

சரி, அடுத்த கேள்வி. டெக்சாஸின் மேற்கே ஒரு சின்ன ஊரிலிருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்கிறார். "என் மகன் பள்ளியில் இதுவரை பதினோரு பேர் ஃபுட்பால் ஆடினார்கள். வரும் ஆகஸ்டிலிருந்து 1ஏ கான்ஃபரன்ஸ், இனி ஆறு பேர்தான் என்கிறார்கள். ஊரே துக்க வீடு மாதிரி இருக்கிறது. இது என்ன கான்ஃபரன்ஸ், யார் ஆரம்பித்தது, எங்களை ஏன் கீழே தள்ளினார்கள்? என் மகன் சென்டர் இடத்தில் ஆடுகிறவன், அவன் கதி என்ன?"

நம்மூரிலிருந்து பார்ப்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. இது காலால் உதைக்கிற கால்பந்து இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால். அப்புறம், மற்ற பல மாநிலங்களில் கான்ஃபரன்ஸ் என்றால் அக்கம்பக்கத்துப் பள்ளிகள் கூடி அமைத்துக்கொள்கிற கூட்டு. டெக்சாஸில் அப்படி இல்லை, பள்ளியின் அளவுதான் கான்ஃபரன்ஸ். 1ஏ சின்னது, 6ஏ பெரியது. பக்கத்து ஊர்கள் சேர்ந்து மோதுகிற கூட்டுக்கு அங்கே டிஸ்ட்ரிக்ட் என்று பெயர்.

உங்களை யாரும் தள்ளவில்லை அம்மா. எண்ணியிருக்கிறார்கள், அவ்வளவுதான். யு.ஐ.எல். (யுனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக்) என்று ஓர் அமைப்பு. 1910-இல் பேச்சுப் போட்டி நடத்தத் தொடங்கியது, இன்று டெக்சாஸ் அரசுப் பள்ளிகளின் விளையாட்டு முழுவதும் அதன் கையில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அக்டோபர் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, ஒன்பதிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை எத்தனை பிள்ளைகள் என்று கணக்கு எடுக்கிறார்கள். பிப்ரவரியில் புதுப் பட்டியல் வருகிறது. நான்கு வகுப்பும் சேர்த்து 104.9 வரை இருந்தால் 1ஏ. அந்தப் புள்ளி ஒன்பது பிள்ளை யார் என்று என்னைக் கேட்காதீர்கள். 6ஏ-வில் 2,200 பிள்ளைகளுக்கு மேல் இருக்கிற பள்ளிகள் இருக்கின்றன என்பதை நினைத்துக்கொண்டால் இந்த 104.9 எவ்வளவு சின்னது என்று புரியும். இரண்டு குடும்பம் ஊரைவிட்டுப் போனால் போதும், பள்ளி கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிடும்.

1ஏ அளவுள்ள பள்ளி பதினோரு பேர்தான் ஆடுவேன் என்று அடம் பிடிக்கலாம், விதி இடம் கொடுக்கிறது. ஆனால் 2ஏ பள்ளிகளோடு மோத வேண்டும். இருபது பையன்களை வைத்துக்கொண்டு அதைச் செய்வது வீண் வீம்பு என்பது என் எண்ணம்.

ஆறு பேர் ஆட்டம் டெக்சாஸில் பிறந்ததில்லை, நெப்ராஸ்காவில் பிறந்தது. 1934, பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம். பதினோரு பேருக்குச் சீருடை வாங்கக் காசில்லை, பல ஊர்களில் பதினோரு பையன்களும் இல்லை. செஸ்டர் என்ற ஊரில் ஆசிரியராக இருந்த ஸ்டீபன் எப்லர் ஆறு பேருக்கு விதிகள் எழுதினார். அந்த செப்டம்பரில் ஹெப்ரன் நகரில் முதல் ஆட்டம். அதற்கே ஒரு பள்ளியால் ஆள் சேர்க்க முடியவில்லை: ஹார்டியும் செஸ்டரும் ஒரு அணி, பெல்விடியரும் அலெக்சாண்ட்ரியாவும் இன்னொரு அணி. 19-19, சமன். டெக்சாஸுக்கு 1938-இல் வந்தது. பிரெய்ரி லீ, மார்ட்டிண்டேல் பையன்களை ஆடவைத்து யு.ஐ.எல். பயிற்சியாளர்களுக்குக் காட்டியது. ஆனாலும் 1972 வரை மாநிலச் சாம்பியன் என்று ஒன்று கிடையாது. பிராந்திய அளவில் ஜெயித்தால் கோப்பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

உறுப்பினர் பட்டியல் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது என்பதற்கு அந்த முதல் இறுதி ஆட்டத்தைப் பார்த்தாலே போதும். 1972-இல் ஓ'பிரையன் 60, ஜாரல் 14. ஜெயித்த ஓ'பிரையன் பள்ளி பிறகு பக்கத்து நாக்ஸ் சிட்டியோடு இணைந்துவிட்டது, பெயரின் வாலில் மட்டும் ஓ'பிரையன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோற்ற ஜாரல் ஆஸ்டினுக்கு வடக்கே நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். வீடுகள் வந்தன, பிள்ளைகள் வந்தார்கள், இன்று பதினோரு பேர் ஆடுகிற பெரிய பள்ளி. 1973-லும் 1975-லும் ஜெயித்த செரோக்கி இன்னும் ஆறு பேரோடுதான் நிற்கிறது. 1976 இறுதியில் மாரத்தானிடம் தோற்ற மே என்ற ஊர், 2021-லும் இறுதிக்கு வந்து வெஸ்ட்புரூக்கிடம் 72-66 என்று தோற்றது. கூடைப்பந்து ஸ்கோர் மாதிரி இருக்கிறதா? இந்த ஆட்டத்தில் இது சகஜம்.

இன்றைய 1ஏ 2014-இல் இந்த வடிவத்துக்கு வந்தது. மேலே 6ஏ என்று ஒன்றைப் புதிதாகச் சேர்த்தபோது, கீழே 1ஏ முழுவதையும் ஆறு பேர் ஆட்டத்துக்கு ஒதுக்கினார்கள். உள்ளேயே பெரியவர், சிறியவர் என்று இரண்டு டிவிஷன். ஒவ்வொன்றிலும் 16 டிஸ்ட்ரிக்ட், டிஸ்ட்ரிக்டுக்கு முதல் இரண்டு அணிகள் அடுத்த கட்டத்துக்கு. கேவலமான இடம் என்று யாராவது சொன்னால் ரிச்லண்ட் ஸ்பிரிங்ஸைக் காட்டுங்கள். மொத்த ஊரே சில நூறு பேர். 2004-க்கும் 2019-க்கும் இடையில் ஒன்பது மாநிலப் பட்டங்கள்.

இப்போது உங்கள் பையன் விஷயம். மைதானம் சிறிது: 80 கஜ நீளம், 40 கஜ அகலம். பத்து கஜத்துக்குப் பதில் பதினைந்து கஜம் கடந்தால்தான் ஃபர்ஸ்ட் டவுன், அதாவது பந்தை முன்னே கொண்டுபோகப் புதிதாக வாய்ப்புகள் கிடைக்கும். பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் கொண்டுசேர்ப்பதுதான் டச் டவுன்; அதற்குப் பிறகு உதைத்து அடித்தால் இரண்டு புள்ளி, ஓடியோ எறிந்தோ எடுத்தால் ஒன்றுதான். பதினோரு பேர் ஆட்டத்துக்கு நேர் தலைகீழ். உதைப்பவரைக் காக்க முன்னால் ஆள் குறைவு என்பதால் உதைப்பதுதான் இங்கே கஷ்டம். பாதி ஆட்டத்துக்குப் பிறகு 45 புள்ளி வித்தியாசம் வந்துவிட்டால் அங்கேயே முடித்துவிடுவார்கள், சேதாரம் மிச்சம்.

சென்டர் என்றால் குனிந்து பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் கொடுத்துவிட்டு, எதிராளியை முட்டித் தடுக்கிற வேலை. பதினோரு பேர் ஆட்டத்தில் அவனுக்கு யாரும் பந்தை எறியக் கூடாது. ஆறு பேரில் பந்தை எறிந்தால் யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம், சென்டரும்தான். அவனிடமிருந்து பந்தை வாங்குகிறவன் அதை இன்னொருவனுக்குக் கைமாற்றாமல், பந்து கிளம்பிய கோட்டைத் தாண்டி ஓடக் கூடாது என்று ஒரு விதி இருப்பதால், பந்து கை மாறிக்கொண்டே இருக்கும். எல்லாக் கண்ணும் அந்தப் பக்கம் போகும்போது சென்டர் நைசாக முன்னால் நழுவி, திரும்பி நிற்பான். அவனைக் கவனிக்க ஆள் இருக்காது.

ஆகஸ்டுக்குள் பையனுக்குப் பந்து பிடிக்கிற கையுறை ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள் அம்மா. இதுவரை அவனுக்கு அது தேவைப்பட்டிருக்காது.