இதயம் போடும் மனு

நேயர்களுக்கு வணக்கம். எக்கோ (இதயத்தின் ஒலியலைப் படம்) அறிக்கையில் இதயத்தின் இடது கீழறைச் சுவர் 13 மில்லிமீட்டர் என்று இருக்கும். 11-ஐத் தாண்டினாலே தடிப்பு என்போம். "கொழுப்புக் கட்டிவிட்டதா, டாக்டர்?" என்று கேட்பார்கள். இல்லை, பருத்திருப்பது தசை. இதயத் தசை செல்கள் வளர்ந்த வயதில் எண்ணிக்கையில் பெருகுவது மிகச் சொற்பம். இருக்கிற ஒவ்வொன்றும் தடிக்கிறது.

உயர் ரத்த அழுத்தத்தின் பளுவே காரணம் என்றுதான் நாங்கள் படித்தோம். அது பாதிக் கதை. சிறுநீரகம் விடும் ரெனினில் தொடங்கி ஆஞ்சியோடென்சின்-2 உருவாகிறது. ரத்தக் குழாய்களை இறுக்கும் இந்த ஹார்மோன், இதயத் தசையிடமும் நேரே வந்து "பெரிதாகு" என்கிறது. அது தூண்டிவிடும் ஆல்டோஸ்டிரோன், தசைகளுக்கு நடுவே நார் பின்னிச் சுவரை விறைக்க வைக்கிறது.

இதயம் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. மேலறைத் தசையில், சுரப்பிகளில் இருப்பதுபோன்ற நுண்மணிகள் உண்டு. பம்புக்கு இவை எதற்கு? கனடாவில் அடால்ஃபோ டி போல்ட் எலியின் மேலறையை அரைத்து, அதன் சாற்றை வேறோர் எலிக்குச் செலுத்தினார். சிறுநீர் 10 மடங்கு பெருகியது; வெளியேறிய சோடியம் 30 மடங்குக்கும் மேல்! கீழறைச் சாற்றுக்கு அந்த விளைவே இல்லை. 1981-இல் வெளியான அந்தச் சில பக்கங்கள்தான் இதயத்தையும் சுரப்பிகளின் வரிசையில் உட்காரவைத்தன. "உப்பை இறக்கு, சுமையைக் குறை" என்று சிறுநீரகத்துக்கு இதயம் போடும் மனுதான் மேலறைச் சாற்றில் இருந்த ஹார்மோன். கீழறை தடிக்கும்போது, கருவில் இயங்கிப் பிறந்தபின் அடங்கிய, அந்த ஹார்மோனை உருவாக்கும் மரபணு அங்கேயும் விழித்துக்கொள்கிறது.

அந்த ஹார்மோனின் செய்தியை வாங்கும் ஏற்பியை இதயத் தசையில் மட்டும் நீக்கிய சுண்டெலிகளில், ரத்த அழுத்தம் ஏறாமலேயே இதயம் பெருத்தது. தடிப்புக்கு நேரடிக் கடிவாளமும் அதுதான் என்பது அப்போது புரிந்தது.

2002-இல் வெளிவந்த ‘லைஃப்’ ஆய்வில் இதயம் தடித்த 9,193 பேர். லோசார்ட்டன், அட்டனலால் என்ற இரண்டு மாத்திரைகளும் ரத்த அழுத்தத்தை ஏறக்குறைய ஒரே அளவு குறைத்தன. தடிப்பை அதிகம் குறைத்தது ஆஞ்சியோடென்சினை மறிக்கும் லோசார்ட்டன்.

வீட்டில் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெயர் ‘சார்ட்டன்’ என்றோ ‘பிரில்’ என்றோ முடிந்தால், அது அந்தப் "பெரிதாகு" உத்தரவுக்குக் குறுக்கே நிற்கும் ரகம். அழுத்தம் 130-க்கு இறங்கிவிட்டதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கருத்தரிக்க நினைக்கும் பெண்கள் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். இந்த இரண்டு ரகமும் கருவுக்கு ஆகாது.