எராஞி ஆப்பிள் மரத்து நிழல்

வணக்கம் நேயர்களே. பிரெஞ்சு ஓவியர் கமீல் பிசாரோ 1888-இல் முடித்த ஒரு படத்தை முதலில் உங்கள் மனக்கண்ணில் கொண்டுவரப் பார்க்கிறேன். பெயர் ‘எராஞியில் ஆப்பிள் அறுவடை’. இப்போது அமெரிக்காவின் டாலஸ் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நடுவில் ஓர் ஆப்பிள் மரம். நீண்ட கோலால் ஒருவர் கிளையை உலுக்க, பெண்கள் குனிந்து பழம் பொறுக்குகிறார்கள். நல்ல வெயில். மரத்தடி நிழலை நெருங்கிப் பாருங்கள். கறுப்பைத் தேடினாலும் கிடைக்காது. ஊதா, நீலம், இளஞ்சிவப்பு என்று பொடிப்பொடியாகத் தூரிகைத் தீற்றல்கள். கொஞ்சம் பின்னால் நகர்ந்ததும் அத்தனையும் சேர்ந்து குளிர்ந்த நிழலாகிவிடுகிறது.

எராஞி என்பது பாரிஸுக்கு வடமேற்கே, எப்த் ஆற்றோரச் சிற்றூர். 1884-இல் பிசாரோ அங்கே குடும்பத்தோடு குடியேறினார். மறு ஆண்டு, வண்ணங்களைச் சிறு புள்ளிகளாக வைத்துப் படம் தீட்டிய இளம் ஓவியர் ஜார்ஜ் ஸ்யூராவைச் சந்திக்கிறார். பிசாரோவுக்கு வயது 55, ஸ்யூராவுக்கு 25. கணநேர ஒளியையும் தோற்றத்தையும் தீட்டிய இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் எட்டுக் கண்காட்சிகளிலும் விடாமல் பங்கேற்ற ஒரே ஓவியர் பிசாரோதான். அப்பேர்ப்பட்ட மூத்தவர், தன் மகன் வயதுள்ள ஒருவரிடமிருந்து புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது இந்த இடத்தில்தான்.

அந்த முறைக்கு அடிப்படை, வேதியியலாளர் ஷெவ்ரோல் 1839-இல் வெளியிட்ட நூல். கோப்லான் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவைக் கவனித்தவர் அவர். பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு வந்தால் இரண்டுமே தூக்கலாகத் தெரியும். ஒன்றாகக் குழைத்தால் மங்கிவிடும். ஆகவே குழைக்காமல் தனித்தனியாக வைத்தார்கள். 1886-இல் விமர்சகர் ஃபெலிக்ஸ் ஃபெனியோன் இதற்கு நியோ-இம்ப்ரெஷனிசம், அதாவது புதிய இம்ப்ரெஷனிசம் என்று பெயரிட்டார்.

வேலை மெதுவாகத்தான் நடந்தது. படங்களின் எண்ணிக்கை குறைந்தது. அவர் படங்களை விற்றுவந்த ஓவிய வணிகர் துரான்-ருயெலுக்கும் இந்தப் பாணி பிடிக்கவில்லை. பெரிய குடும்பம். வீட்டுப் பாரம் மனைவி ஜூலி தலையில் விழுந்தது. 1890 வாக்கில் பிசாரோ இந்த முறையைக் கைவிட்டார். இயற்கையின் அசைவையும் நொடிக்கு நொடி மாறும் தோற்றத்தையும் இதில் பிடிக்க முடியவில்லை என்று பிற்பாடு கடிதத்தில் எழுதினார்.

அதனால் இந்த ஆண்டுகளை அவர் வழிதவறிய காலம் என்பார்கள் சிலர். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கிராமத்து உழைப்பாளியை அவர் இரக்கத்துக்குரிய ஆளாகவும் காட்டவில்லை, வீரராகவும் ஏற்றிவைக்கவில்லை. புல்லுக்கு எத்தனை பொறுமையோ, குனிந்து பொறுக்கும் பெண்ணின் முதுகுக்கும் அத்தனை பொறுமை. புள்ளி முறை அவருடைய இந்தச் சமநோக்குக்கு வாகாக அமைந்தது.

அதே 1888-இல் முடிந்த இன்னொரு படம்: உறைபனி மூடிய வயல்வெளி. ஓர் இளம்பெண் குச்சியை வளைத்து ஒடித்துத் தீ மூட்டுகிறாள்; பக்கத்தில் ஒரு குழந்தை. தீயிலிருந்து எழும் புகையையும் அனல் பட்டு நடுங்கும் காற்றையும் புள்ளிகளாலேயே காட்டியிருக்கிறார். அசைவைப் பிடிக்க முடியவில்லை என்று அவர் எழுதியதைப் படித்தபோதெல்லாம், இந்தப் படத்தைக் காட்டி அவரோடு வாதாட வேண்டும் போலிருக்கும் எனக்கு.

நன்றி. வணக்கம்.